இரண்டு சாக்கு விளையாட்டும் என் வலது தோளும்

பழைய வீடியோ கேம் விற்கிற தொழிலில் முதலில் தேய்ந்துபோவது விற்கிறவரின் தோள்பட்டைதான். பழைய மிக்ஸி விற்கிறவர் ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டினால் போதும். பழைய குடை விற்கிறவர் விரித்துக் காட்டினால் போதும். நாங்கள் மட்டும் விற்பதற்கு முன்னால் குதிரை ஏற வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், வாள் சுற்ற வேண்டும். செகண்ட் ஹேண்ட் சாமான் விற்று வயிறு கழுவுகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேலே படிக்கும்போது உங்களுக்கும் எங்கேயாவது வலிக்கும்.

நான் கேரளத் தலைநகரில், ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பத்தொன்பது வருடம் கணக்கு எழுதியவள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது, மகள் நர்சிங் இரண்டாம் வருடம். இரண்டு தெரு தள்ளிப் பழைய டிவி, செல்போன் விற்கிற தாணு அண்ணாச்சி எங்கள் நாகர்கோவில் பக்கத்து மனிதர். தை மாதத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்தார். நான் போய்ச் சேர்ந்த அன்று கடையின் பின்னறையில் இரண்டு சாக்கு இருந்தது. ஒரு மாலில் மூடிப்போன விளையாட்டு பார்லரிலிருந்து மொத்தமாக வாங்கியது. டிவியோடு இணைக்கிற கேம் பெட்டிகள் நான்கு, ஒரு கட்டு ரிமோட், சாக்கு நிறைய டிஸ்க். இருபது வருடத்துக்கு முந்திய சங்கதி அது. ரிமோட்டைப் பிடித்த கையை நீங்கள் வீசினால் திரையில் இருக்கிற ஆளும் கையை வீசுவான். எங்கள் கடையில் அதற்குப் பெயர் ‘கை கேம்’.

அண்ணாச்சி சொன்னார்: “எம்மா மீனாட்சி, இதுல நல்லது ஏது கெட்டது ஏதுன்னு எனக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது. ஒவ்வொண்ணா போட்டு கால் மணி நேரம் ஆடிப் பாரு. எப்பிடி இருக்குன்னு ஒரு துண்டுல எழுதி ஒட்டு. உள்ளதைத்தான் எழுதணும், கேட்டியா. ஓணத்துக்குள்ள ரெண்டு சாக்கும் போச்சுன்னா பின்னறையை வாடகைக்கு விடாம நாமளே வச்சுக்கலாம். இல்லேன்னா பாப்போம்.”

அந்தப் ‘பாப்போம்’ என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பின்னறை போனால் அதில் உட்காருகிற நானும் போக வேண்டியதுதான்.

கரடி தெய்வம்

முதல் நாளே சிக்கல். டிவிக்குக் கீழே வைக்கிற சென்சார் பட்டை என்று ஒன்று உண்டு. அது இருந்தால்தான் ரிமோட் எங்கே காட்டுகிறது என்று பெட்டிக்குத் தெரியும். நான்கு பட்டையின் ஒயரையும் எலி கடித்திருந்தது. கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற ஷீபா, “நாளைக்கு சால்டர் பண்ணித் தரேன் சேச்சி” என்று சொல்லிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது.

போன் ரிப்பேருக்கு வந்து காத்திருந்த ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தப் பட்டையில் ஒன்றுமே இல்லை, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அவ்வளவுதான். கண் இருப்பது ரிமோட்டில். இரண்டு தீபம் வைத்துப் பாருங்கள்” என்றார். அண்ணாச்சியின் சாமி அலமாரியிலிருந்து இரண்டு அகல் விளக்கை எடுத்து டிவியின் இரண்டு பக்கமும் ஏற்றி வைத்தேன். திரையில் சின்னக் கை ஒன்று வந்து நின்றது. நான் ரிமோட்டை அசைக்க, அதுவும் அசைந்தது. அந்த நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டிருந்தது ஒரு கரடி தேன் சேகரிக்கிற விளையாட்டு. இரண்டு விளக்குக்கு நடுவே மஞ்சள் கரடி நின்று தலையாட்ட, நான் எதிரே நின்று கையை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜர் வாங்க வந்த ஒரு அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று, பிறகு மெதுவாகக் கேட்டார்: “இது ஏது தெய்வம் சேச்சி? கரடி மாதிரி உண்டே.”

அரை நட்சத்திரம்

சமையல் விளையாட்டு என்று ஒன்று. ரிமோட்டைக் கத்தி மாதிரிப் பிடித்து வெங்காயம் நறுக்க வேண்டும். இது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்து ஷீபாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் இரண்டு வேளை நறுக்குகிற கை இது. நான் வெட்டினால் கத்தி பலகையில் படுகிறது, வெங்காயம் அப்படியே இருக்கிறது. உருளைக்கிழங்குத் தோலைச் சீவினால் தோல் நிற்கிறது, கிழங்கு காணாமல் போகிறது. வாணலியைக் குலுக்கச் சொன்னார்கள், குலுக்கினேன், எல்லாம் மேலே போய் ஒட்டிக்கொண்டது. உயரத் தொப்பி போட்ட ஒரு பெண் வந்து உதட்டைச் சுழித்து எனக்கு அரை நட்சத்திரம் கொடுத்தாள்.

முட்டை அவிக்க மட்டுமே தெரியும் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிற ஷீபா, இடது கையில் யாருடைய போனையோ வைத்துக்கொண்டு வலது கையால் ஆடி மூன்று நட்சத்திரமும் வாங்கினாள். நான் துண்டுச் சீட்டில், “சமையல் தெரிந்தவர்களுக்குச் சரிவராது. தெரியாதவர்கள் நன்றாக ஆடுவார்கள்” என்று உள்ளபடி எழுதி ஒட்டினேன். அதற்குக் கீழே மலையாளத்தில் எழுத வேண்டியது ஷீபாவின் வேலை. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்: “சத்தியம் சொல்லுங்க சேச்சி, வீட்டில கறி வைக்கிறது உங்க சேட்டனா?”

மூன்றாவது தோட்டம்

இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். முயல்கள் தோட்டத்தில் கேரட் பறிக்கிற விளையாட்டு ஒன்று. பச்சைப் புல், மெல்லிய சங்கீதம், ரிமோட்டைப் பிடுங்குவதுபோல் இழுத்தால் கேரட் வரும். கால் மணி நேரம் ஆடிவிட்டு, “சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது. பயமில்லை” என்று எழுதினேன். நான் இருக்கிற வலியசாலைத் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர் லலிதா மாமி. அரசாங்க ஆபீசில் நல்ல பதவியில் இருக்கிறவர், தெருவில் யாரும் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. மகள் அம்முவின் எட்டாவது பிறந்தநாளுக்கு என்று பெட்டியும் அந்த டிஸ்க்கும் என் பேச்சை நம்பி வாங்கிக்கொண்டு போனார்.

சாக்கில் அதே டிஸ்க் இன்னொன்றும் இருந்தது. மறுநாள் மத்தியானம் ஷீபா சாப்பிட்டுக்கொண்டே அதைப் போட்டு ஆடினாள். கால் மணி நேரம் தாண்டி மூன்றாவது தோட்டத்துக்குப் போனாள். அங்கே ஒரு கிணறு. கிணற்றிலிருந்து தலையில்லாத ஒருத்தன் ஏறி வந்து முயல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கிணற்றுக்குள் போட ஆரம்பித்தான். ஷீபாவின் கையிலிருந்த சோற்று உருண்டை தட்டில் விழுந்தது. எட்டு வயதுப் பிள்ளை. பிறந்தநாள். ‘பயமில்லை’ என்று என் கையெழுத்தில் சீட்டு வேறு. மாமியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் கோயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போகிற வழியில் மாமி கடைக்குள் வந்தார். கையில் அந்த டிஸ்க். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். நான் எழுந்து நின்று, “மாமி, நான் கால் மணி நேரம்தான் பாத்தேன், கிணறு இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்று ஆரம்பித்தேன். மாமி கையமர்த்தினார். அம்மு முதலில் அலறிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாளாம். பிறகு அவளே திரும்பி வந்து, தலையில்லாதவனுக்கு அவள் ஸ்கூல் பிரின்சிபாலின் பெயரை வைத்துவிட்டாளாம். இப்போது கிணற்றங்கரையைத் தாண்ட முடியாமல் நிற்பது அம்மு இல்லை. மாமி கல்லாப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “ஆபீஸ்லே ஃபைலைத் தொறந்தா நேக்கு முயல்தான் தெரியறது. அந்த முண்டத்தைத் தாண்டறது எப்படின்னு மட்டும் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

தன்னால் ஆடிய பெட்டி

பொன்முடி மலை அடிவாரத்துக் கல்லாற்றில் ராஜன் சேட்டனுக்கு ஒரு சாயாக்கடையும், மேலே டூரிஸ்டுகளுக்கு இரண்டு அறையும் உண்டு. மழை வந்தால் பொன்முடி ரோட்டை அடைத்துவிடுவார்கள், வந்தவர்கள் எல்லாம் இவர் கடையில் உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக ஒரு பெட்டியும், பலூன் சுடுகிற டிஸ்க் ஒன்றும் வாங்கிப் போனார். ஒரு வாரத்தில் போன் வந்தது. “இதில் ஏதோ கூடியிருக்கு. யாரும் களிக்காமலே அது தன்னால களிக்குது. திரும்ப எடுத்துக்கணும்.” களிப்பது என்றால் இங்கே விளையாடுவது, கூடுவது என்றால் பேய் பிடிப்பது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஒரு பையில் வேறு ரிமோட், வேறு பட்டை, வேறு மூன்று டிஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு நெடுமங்காடு, விதுரை வழியாக பஸ்ஸில் போய் இறங்கினேன். நல்ல மழை.

அவர் சொன்னது உண்மைதான். ரிமோட்டை நான் மேஜைமேல் வைத்துவிட்டேன், அப்போதும் திரையில் துப்பாக்கி இடது மூலைக்கும் நடுவுக்கும் துள்ளிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மாற்றினேன். ரிமோட்டை மாற்றினேன். பட்டையை மாற்றினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஈரச் சேலையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தபோது, ராஜன் சேட்டன் எனக்குச் சாயா போடக் குனிந்து, டிவிக்கு இடது பக்கம் எரிந்த அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார். துப்பாக்கி அசையாமல் நின்றது. விறகை உள்ளே தள்ளினார், மறுபடி துள்ளியது. அகல் விளக்கு இரண்டையே பட்டை என்று நம்பிய ரிமோட், இவ்வளவு பெரிய அடுப்பைப் பார்த்தால் என்ன செய்யும். டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். ஒழுங்காக வேலை செய்தது. நான் சாயாவைக் கையில் வாங்கி உட்கார்ந்தேன். அவர் அடுப்பையும் டிவியையும் மாறிமாறிப் பார்த்தார்: “அப்போ இத்தனை நாளா கேம் களிச்சது என் அடுப்பாக்கும், இல்லியா சேச்சி?”

மாங்காய்

முருகையா சங்கரன்கோவில் பக்கம். இங்கே கட்டட வேலைக்கு வந்த கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து வலது தோளில் அடி. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை நெஞ்சு உயரத்துக்கு மேலே போகவில்லை. கை மேலே போகாத கொத்தனார் சுவர் வேண்டுமானால் பூசலாம், சீலிங் பூச முடியாது. மேஸ்திரி அவரை சைட்டில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தினமும் செய்யச் சொல்லி ஒரு கயிற்றுப் பயிற்சி கொடுத்திருந்தார்களாம். “நாலு நாள் செஞ்சேங்க்கா. சும்மா கயித்தை இழுத்துக்கிட்டு நிக்க ஒரு மாதிரியா இருந்திச்சு, விட்டுட்டேன்” என்றார். இதெல்லாம் போன் ரிப்பேருக்கு வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னது.

அப்போது மேஜைமேல் ஒரு டிஸ்க் கிடந்தது. மாங்காய் பறிக்கிற விளையாட்டு. கீழ்க்கிளை, நடுக்கிளை, உச்சிக்கிளை, அவ்வளவுதான். “பத்து நிமிடத்தில் சலித்துவிடும். கை நோகும்” என்று நான் எழுதியிருந்தேன். முருகையா அதை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “இதை ஒருக்க ஆடிப் பாக்கட்டா?” என்றார். தங்கியிருக்கிற ஷெட்டில் டிவி கிடையாது. தினமும் சாயங்காலம் வேலை விட்டதும் இங்கே வந்து கால் மணி நேரம் ஆடட்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். மெதுவாகச் செய்தால் தப்பில்லை என்றார்களாம். முதல் வாரம் கீழ்க்கிளை. மூன்றாம் வாரம் நடுக்கிளை. கூடை நிறைந்தால் அவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று, “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்பேன். இப்போது நினைத்தால் அது என் தப்பு.

ஒருநாள் உச்சிக்கிளையில் ஒரே ஒரு மாங்காய் மிச்சம் இருந்தது. நான் “எட்டிரும், எட்டிரும்” என்றேன். அவர் ஒரே வீச்சாகக் கையைத் தூக்கினார். தோளில் ஒரு சத்தம் கேட்டது, எனக்கே கேட்டது. ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஷீபா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. சைட்டில் போய்க் கேட்டேன், காவலுக்கு வேறு ஆள் இருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்று ஒருவர், இல்லை என்று ஒருவர். இரண்டு பிள்ளைகள் இருக்கிற மனிதரின் கையை விளையாட்டுக் காட்டிக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த டிஸ்க்கை எடுத்துச் சாக்குக்கு அடியில் போட்டேன்.

பத்து நாள் கழித்துச் சாயங்காலம் வந்து நின்றார். தலைமுடியில், காதில், சட்டையில் எல்லாம் சிமென்ட் தெறித்துக் காய்ந்திருந்தது. அன்று ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இறுகிக் கிடந்தது விட்டுக்கொடுத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாள் ஓய்வெடு என்றார்களாம். பிறகு மேஸ்திரி வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டாராம். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம். அதை ஷீபாவிடம் கொடுக்கத்தான் வந்திருக்கிறார். நான் அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவராகவே சொன்னார்: “நேத்து சீலிங் பூசினேங்க்கா.”

நேரான ரோடு

ஆவணி பிறந்தபோது சாக்கில் பதினோரு டிஸ்க்தான் மிச்சம். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாக்கு காலியாகிவிட்டால் எனக்கு என்ன வேலை என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அதனால் அந்தப் பதினொன்றுக்கும் எழுதிய சீட்டில் கெட்டதை மட்டும் எழுதினேன். பொய் எழுதவில்லை. நல்லதை விட்டுவிட்டேன். “மீன் பிடிப்பது. மீன் வராது.” “குதிரைச் சவாரி. இடது பக்கம் திரும்பாது.” “லாரி ஓட்டுவது. ரோடு நேராக இருக்கிறது. கடைசிவரை நேராகவே இருக்கிறது.” இவற்றை யார் வாங்கப் போகிறார்கள் என்று இருந்தேன்.

உள்ளதைச் சொல்கிற கடை என்று அதற்குள் பெயர் வந்திருந்தது என் கணக்கில் சேரவில்லை. சீட்டைப் படித்துச் சிரித்துவிட்டு ஆட்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். லாரி டிஸ்க்கை எடுத்தவர் தென்காசிக்காரர், முப்பது வருடம் ஆரியங்காவு மலைப்பாதையில் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மருமகன் கொடுத்த பழைய பெட்டி வீட்டில் சும்மா கிடக்கிறதாம். நான் அதை விற்காமலிருக்க ஆனமட்டும் பார்த்தேன். “சார், ஒரு வளைவுகூடக் கிடையாது, போரடிக்கும்” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை இன்னொரு தடவை படித்தார்: “வளைவே இல்லாத ரோடா? என் ஆயுசுல பாத்ததில்ல, குடுங்க.”

காலிச் சாக்கு

ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கடைசி டிஸ்க்கும் போயிற்று. அண்ணாச்சி பின்னறைக்கு வந்தார். இரண்டு சாக்கையும் உதறி, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். நான் என் டிபன் பாக்ஸையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் சொல்வதற்குள் நானே தயாராக இருப்பது மரியாதை என்று தோன்றியது. ஷீபா சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள்.

“பையை என்னத்துக்கு எடுக்கே?” என்றார் அண்ணாச்சி. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பார்த்துவிட்டுச் சாவதானமாகச் சொன்னார்: “கொல்லத்துல இன்னொருத்தன் பார்லரை மூடுகான், அஞ்சு சாக்கு, லாரி சொல்லியாச்சு. உனக்கு தோள் இப்பம் எப்பிடி இருக்கு?”

ஆக மொத்தம், எட்டு மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடியிருக்கிறேன், இனியும் விளையாடப் போகிறேன், மாமியாரிடம் மட்டும் கம்ப்யூட்டர் வேலை என்றே சொல்லிவைத்திருக்கிறேன்.